குழந்தை ஒரு தடவை சொன்னால் போதும்: நீலகிரியில் குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலச் சாயங்காலம். மருத்துவமனை வராந்தா பெஞ்சில் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். தனக்கு நேர்ந்த கொடுமையைக் காலையில் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் தலைமையாசிரியரிடம் கூட்டிக்கொண்டு போனார், அங்கே ஒரு தடவை. பிறகு காவல் நிலையத்தில், டூட்டி நர்ஸிடம், டாக்டரிடம். ஆறாவதாக ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றபோது அவள் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நான் அவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேனே. அவங்க இவங்ககிட்ட சொல்லலையா?"

அன்றைக்கு அவரவர் வேலையை அவரவர் செய்யத்தான் செய்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அந்த வேலை முழுவதையும் ஒரு சின்னப் பிள்ளை தலையில் ஏற்றிவிட்டோம்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குந்தா என்று எங்கேயோ புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் ஆசிரியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் பெயர் சேர்க்கப்பட்டு "இனி என்ன செய்யணும்" என்று விழிப்பவருக்கும் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் பாலியல் வன்முறை பற்றித்தான். அடி, உதை, பட்டினி, குழந்தைத் திருமணம் எதுவானாலும் தொடர்புகொள்ள வேண்டிய ஆட்கள் ஏறக்குறைய இவர்களேதான்.

சம்பவம் வரும் முன்பே: ஒரு நோட்டு

முதல் வேலையாக ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். போனில் பதிவு செய்தால் போதாதா என்று கேட்கலாம். இரண்டு நாள் மின்சாரம் இல்லாத ஊரில் போன் செத்துப்போகும், நோட்டு இருக்கும்.

அதில் எழுத வேண்டியவை: உங்கள் ஊர் எந்தக் காவல் நிலைய எல்லை, உங்கள் பகுதிக்கான அனைத்து மகளிர் காவல் நிலையம் எது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண். குழந்தைகள் நலக்குழு எந்தக் கிழமைகளில் அமர்கிறது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுதான் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் அமைப்பு. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும், சகி எனும் ஒருங்கிணைந்த சேவை மையம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பக்கத்து அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் எந்த நேரங்களில் இருப்பார். பொது எண்கள்: குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, பள்ளி சார்ந்த புகாருக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416. 1098 என்பது 1996-ல் மும்பையில் தொடங்கிய சேவை. 2023-க்குப் பிறகு அரசே நேரடியாக நடத்துகிறது, 112-உடன் இணைத்திருக்கிறார்கள். பழைய எண்தான், இலவசம்தான்.

இதுவரை எழுதியது எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். மலைக்கென்று தனியாகச் சில வரிகள் வேண்டும். உங்கள் லயனிலோ (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஹட்டியிலோ (படுகர் ஊர்) எந்த வளைவில் நின்றால் சிக்னல் கிடைக்கும்? ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் ஜீப் எடுக்கும் ஆள் யார், அவர் வாய் இறுக்கமானவரா? மரம் விழுந்து ரோடு அடைத்தால் மாற்று வழி எது, அந்த வழியில் யானை நிற்குமா? பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் பேச்சு, படுகு, மலையாளம் இவற்றில் எது எது உங்கள் பகுதியில் பேசப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் நம்பகமான ஒரு பெண்மணி யார்? எஸ்டேட்டில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் இருந்தால் அவர்கள் பேச்சு தெரிந்தவர் யார்?

நோட்டு நிறைந்ததும், அந்தப் பட்டியலில் உள்ளவர்களை ஒரு தடவையாவது நேரில் பாருங்கள். "நான் இன்ன ஊர் ஸ்கூல் டீச்சர், தேவைப்பட்டா கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். முகம் தெரிந்தவர் கூப்பிட்டால் ராத்திரி என்றாலும் எடுப்பார்கள்.

குழந்தை வாயைத் திறக்கும்போது

குழந்தைகள் நேரம் பார்த்து, உட்கார்ந்து சொல்வதில்லை. சத்துணவு வரிசையில் நிற்கும்போது, விறகு பொறுக்கும்போது, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் ஒரு வரி விழும். கையில் இருக்கும் வேலையை மெதுவாக நிறுத்துங்கள். பதறாதீர்கள், உங்கள் முகம் மாறினால் பிள்ளை பேச்சை மாற்றிவிடும்.

அதிகம் கேட்காதீர்கள். "சொல்லு கண்ணு", "அப்புறம்?" இவ்வளவே போதும். "ஏன் கத்தல", "ஏன் முன்னாடியே சொல்லல" என்று கேட்டால், பழி தன் மேல் என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். "அவன்தான் செஞ்சானா?" என்று நீங்களாகப் பெயரை எடுத்துக் கொடுப்பதும் கூடாது. பின்னால் நீதிமன்றத்தில், சொல்லிக் கொடுத்த பேச்சு என்று எதிர்த்தரப்பு சொல்ல அதுவே இடம் தரும். நீங்கள் சொல்ல வேண்டியது மூன்று: "நீ சொன்னது நல்லது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. உன்னைப் பாத்துக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் நான் சொல்வேன்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது.

குழந்தை போனதும் உடனே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், அது பயன்படுத்திய அதே சொற்கள். உடல் உறுப்புக்குக் குழந்தை தன் வீட்டுப் பேச்சில் ஒரு சொல் சொன்னால் அதே சொல்லை எழுதுங்கள். அதை நாகரிகத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். அந்தத் தாளில்தான் ஒருங்கிணைப்பே தொடங்குகிறது. அடுத்து வருபவர் குழந்தையிடம் மறுபடி கேட்பதற்கு முன் உங்கள் தாளைப் படிக்கட்டும்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது, செல்போனில் வீடியோ எடுப்பது. இரண்டாவது, குற்றம் சாட்டப்பட்டவரைப் போய்ப் பிடித்துக் கேட்பது. மூன்றாவதுதான் எங்கள் மலையில் அதிகம் நடக்கிறது: "ஊர்ல பேசி முடிச்சுக்கலாம்." ஊர்ப் பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நிலத் தகராறும் குடும்பச் சண்டையும் அவர்களிடம் போனால் நல்லபடியாகத் தீர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழந்தை மீதான வன்முறையைப் பேசி முடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது, எஸ்டேட் நிர்வாகத்துக்கும் கிடையாது. பெரியவர்களிடம் முன்கூட்டியே, எந்தச் சம்பவமும் இல்லாத நல்ல நாளில், இதைப் பணிவாகச் சொல்லி வையுங்கள். அன்றைக்குச் சொன்னால் கேட்பார்கள். சம்பவத்தன்று சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள்.

முதல் 24 மணி நேரம்

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடந்துவிடும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலும், உள்ளூர்க் காவல் நிலையத்திலோ காவல்துறையின் சிறார் சிறப்புப் பிரிவிலோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. "ஹெச்.எம்.மிடம் சொல்லிட்டேன்" என்பதோடு உங்கள் கடமை தீராது. 1098-க்குச் சொன்னபிறகும் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கொடுங்கள். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்று அதே பிரிவு பாதுகாப்பும் தருகிறது. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல.

காவல் நிலையமா, மருத்துவமனையா, எது முதலில்? காயம், ரத்தப்போக்கு, வலி இருந்தாலோ, நடந்து மூன்று நாளுக்குள் என்றாலோ மருத்துவமனைக்குத்தான். காவல் கடிதம் வேண்டும், எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று முன்நிபந்தனை வைக்க எந்த மருத்துவமனைக்கும் அதிகாரம் இல்லை; 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தனியார் மருத்துவமனையானாலும் முதல் சிகிச்சையை இலவசமாகத் தரவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முன்னதாக என்றால் இன்னும் நல்லது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அம்மாவோ குழந்தை நம்பும் ஒருவரோ கூடவே இருக்கலாம்.

குளிப்பாட்டாமல் கூட்டிக்கொண்டு போங்கள். இதைச் சொல்வது எளிது. அழுக்கோடு பிள்ளையை வெளியே அனுப்ப எந்தத் தாய்க்கும் மனசு வராது, அதனால் காரணத்தை அந்த அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காமல், தனித்தனியாகக் காகிதக் கவரில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நம் மாவட்ட ஈரத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடித்துத் தடயம் அழிந்துவிடும். பிளாஸ்டிக் தடை இருக்கிற ஊர் இது, கடையில் காகிதப் பை கேட்டால் கிடைக்கும். மாற்று உடை ஒரு செட், ஸ்வெட்டர், சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் பிறகு குளிரில் நடுங்கிக்கொண்டு மருத்துவமனைப் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, அதன் சொந்த ஸ்வெட்டரே பெரிய ஆறுதல்.

காவல்துறை வாக்குமூலம் வாங்குவதற்கும் முறை உண்டு. குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. நல்ல அதிகாரிகள் கேட்காமலே இதைச் செய்கிறார்கள். செய்யாத இடத்தில் சண்டை போடாமல், "மேடம், ஸ்கூல்லயே ஒரு ரூம் தயார் பண்ணி வச்சிருக்கோம், நீங்க அங்க வர முடியுமா?" என்று கேளுங்கள். அறையைத் தயாராக வைத்துவிட்டுக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கையோடு வாங்குங்கள். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். தந்துவிட்டார்களா என்று மறுநாள் நீங்களே நலக்குழுவுக்கு ஒரு போன் செய்து பாருங்கள்.

யார் கையில் கயிறு

1985-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில், பட் கிராமர் என்ற மாவட்ட அரசு வழக்கறிஞர் இதே சிக்கலைத்தான் பார்த்தார். குழந்தை அலுவலகம் அலுவலகமாக அலைவதற்குப் பதில், ஒரே இடத்தில் குழந்தை இருக்க, போலீஸ், மருத்துவர், ஆலோசகர், வழக்கறிஞர் எல்லோரும் அங்கே வரட்டும் என்று ஒரு மையம் தொடங்கினார். நம்மிடம் அப்படி ஒரு கட்டடம் ஊருக்கு ஊர் கிடையாது. அந்த வேலையைச் செய்ய நம் சட்டம் தந்திருப்பது ஒரு ஆளை: ஆதரவு நபர்.

குழந்தைகள் நலக்குழு, குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், வழக்கு முடியும் வரை கூட வருவதற்கு ஒருவரை நியமிக்கிறது. இதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. நியமனம் தானாக நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். பெற்றோர் சார்பில் ஒரு பக்க மனு எழுதி நலக்குழுவிடம் கேளுங்கள். குழந்தைக்கு அவரைப் பிடிக்கவில்லையென்றால் மாற்றவும் கேட்கலாம்.

நியமனம் ஆனதும் ஊர் அளவில் ஒரு சின்னக் கூட்டம் போடுங்கள். ஆதரவு நபர், ஒரு ஆசிரியர், செவிலியர், தேவையானால் மொழிபெயர்ப்பாளர். நான்கு பேருக்கு மேல் வேண்டாம். யார் மருத்துவமனைக்குக் கூட வருவது, யார் காவல் நிலையத்தில் வழக்கின் நிலையைக் கேட்பது, யார் பள்ளி வருகையைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். குடும்பத்திடம் பேசுவது ஒருவர் மட்டும். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் அந்த அம்மா யாரையும் நம்ப மாட்டார்.

வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரி. பெயரை வெளியிடுவது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். மலையில் அடையாளம் பெயரில் மட்டும் இல்லை. "மேல் டிவிஷன், மூணாவது லயன், எட்டாம் வகுப்பு" என்றால் முடிந்தது, அங்கே எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் இருப்பாள். நோட்டில்கூட ஒரு எழுத்தோ எண்ணோ போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மொழி

தனக்கு வரும் மொழியிலேயே சொல்லும் உரிமை குழந்தைக்கு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெற வாக்குமூலத்திலும் நீதிமன்றத்திலும் சட்டம் வழி வைத்திருக்கிறது. பணியர் பிள்ளை பள்ளியில் தமிழ் பேசும். பயத்தில் அந்தத் தமிழ் காணாமல் போகும், "ஆமா", "இல்ல" மட்டும் மிஞ்சும். அதை வைத்து வாக்குமூலம் எழுதினால் வழக்கு பலவீனமாகிவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சின்னக் குடியிருப்பில் எல்லோரும் சொந்தம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு உறவில்லாத, அதே மொழி பேசும் பெண் பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டியிருக்கும். அவருக்கும் பஸ் காசு, ஒருநாள் கூலி வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

லயன் வீடும் வேலையும்

எஸ்டேட்டில் வீடு வேலையோடு வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் மேஸ்திரியோ சூப்பர்வைசரோ ஆனால், புகார் கொடுத்த மறுநாளே "வேலை போச்சுன்னா வீடு போகுமே" என்று அப்பா தூங்காமல் உட்கார்ந்திருப்பார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்து இரண்டு மூன்று தலைமுறையாக அதே லயனில் வாழும் குடும்பங்களுக்கு வேறு போக்கிடமே இல்லை. வழக்குகள் பல்டி அடிப்பதற்குச் சாட்சியின் பொய்யைவிட இந்தப் பயம்தான் காரணமாக இருப்பதைப் பார்க்கிறேன். முதல் வாரத்திலேயே நலக்குழுவிடமும் விசாரணை அதிகாரியிடமும் இதை எழுத்தில் கொடுங்கள். தொழிற்சங்கத்தில் நம்பகமான ஒருவர் இருந்தால், விவரம் சொல்லாமல், அந்தக் குடும்பத்தின் வேலையும் வீடும் அசையக் கூடாது என்று மட்டும் பேசச் சொல்லலாம். குழந்தையைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புவது கடைசி வழி. வீட்டில் ஆபத்து இருந்தாலொழிய, தப்புச் செய்தவன் ஊரில் இருக்க, பிள்ளை ஊரை விட்டுப் போவது அதற்குத் தண்டனையாகவே படும்.

இன்னொரு வகை வழக்கும் இங்கே வரும். காதலித்து ஒன்றாக வாழப் போன பதினாறு, பதினேழு வயதுப் பெண், கர்ப்பப் பதிவுக்குச் செவிலியரிடம் வரும்போது வெளியே தெரியவரும். தகவல் சொல்லும் கடமை அங்கேயும் உண்டு. போலீஸுக்குப் பயந்து அந்தப் பெண் பரிசோதனைக்கே வராமல் காட்டுக்குள் ஒதுங்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து. "கேஸ் ஒரு பக்கம் நடக்கும், உனக்கு மருந்தும் ஸ்கேனும் நான் பாத்துக்கறேன்" என்று செவிலியர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கருவைக் கலைக்க அந்தப் பெண் விரும்பினால், 2021-ல் திருத்தப்பட்ட சட்டம் சிறுமிகளுக்கு 24 வாரம் வரை இடம் தருகிறது. நாள் கடத்தாதீர்கள்.

பணம்

கொழுந்து பறிக்கும் அம்மா ஒருநாள் வரவில்லையென்றால் அன்றைய கூலி இல்லை. மருத்துவமனை, நலக்குழு, மாஜிஸ்திரேட் வாக்குமூலம் என்று முதல் மாதத்திலேயே நாலைந்து நாள் போய்விடும். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற அத்தியாவசியத்துக்கு உடனடி உதவியை நலக்குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். இடைக்கால இழப்பீட்டைச் சிறப்பு நீதிமன்றம் வழக்கின் எந்தக் கட்டத்திலும் உத்தரவிடலாம். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், விடுதலையானாலும் இழப்பீடு கேட்க வழி உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு தர வேண்டும். மனு எழுதச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

குழந்தை பழங்குடியினராகவும், குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராகவும் இருந்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரவேண்டும். அப்போது விசாரணை டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரியிடம் போகும். நிவாரணம் தவணைகளில் வரும், தீர்ப்புக்கு முன்பே தொடங்கும். தடங்கல் பெரும்பாலும் சாதிச் சான்றில்தான். பழங்குடியினர் சான்று கோட்டாட்சியரிடமிருந்து வரவேண்டும். அதற்கான விண்ணப்பத்தை முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

ஊட்டிக்குப் போகும் நாள்

வழக்கு ஊட்டி மகளிர் நீதிமன்றத்தில் நடக்கும். பந்தலூரிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். கூடலூர், நடுவட்டம், பைக்காரா என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு ஏறிய பிள்ளை, வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, வாடிய முகத்தோடு சாட்சி சொல்ல நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முதல்நாளே போய்த் தங்க ஆதரவு நபர் மூலம் ஏற்பாடு கேளுங்கள். முடியாவிட்டால் ஜன்னல் சீட்டு, இட்லி, எலுமிச்சை, மாற்று உடை. அன்றைக்கு நிஜமாகவே விசாரணை உண்டா, நீதிபதி விடுப்பா என்று முந்தின மாலை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உறுதி செய்யாமல் பிள்ளையை பஸ் ஏற்றாதீர்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்னால், வழக்கு இல்லாத நாளில், நீதிமன்றத்தைக் காட்டி வாருங்கள். எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே, கதவு எது. சாட்சி சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றும், திரையோ வீடியோ வசதியோ உண்டு என்றும், வெளியாட்கள் இருக்க மாட்டார்கள் என்றும், நடுவில் ஓய்வு கேட்கலாம் என்றும் அங்கேயே நின்று சொல்லுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் சொல்லும் வாக்குமூலத்தை இன்னும் பலர் பழைய பழக்கத்தில் "நூத்தி அறுபத்து நாலு" என்பார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 183. எண் குழம்பினால் பயப்பட வேண்டாம், வேலை ஒன்றுதான்.

குழந்தையின் சாட்சியத்தை 30 நாளிலும், வழக்கை இயன்றவரை ஓராண்டுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீளும். அந்த நீளத்தில்தான் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். டீச்சருக்கு மாறுதல் வரும், செவிலியருக்குப் பணிச்சுமை கூடும். மாறுதல் வந்தால் நோட்டையும் அந்த முதல் தாளின் நகலையும் ஆதரவு நபரிடம் கையில் கொடுத்து, வருபவரைக் குழந்தையிடம் நீங்களே அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள். வருபவரிடம் முன்பே கதையைச் சொல்லிவிடுங்கள்.

இழப்பீடு வந்ததும் பாஸ்புக்கைக் கேட்டுப் பாருங்கள். கணக்கு குழந்தையின் பெயரில் இருக்கிறதா, காப்பாளர் யார், வைப்புத்தொகை எந்த வயதில் கைக்கு வரும் என்று அம்மாவுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஒரு சனிக்கிழமை காலை அவரோடு வங்கிக்குப் போய் வாருங்கள்.